நைரோபியில் எல்பிஓ என்ற கொள்முதல் ஆணைத் தாளை நம்பிப் பணம் போட்ட கதை

போன மாதம் பார்க்லேண்ட்ஸில் ஒரு வீட்டு விசேஷத்தில், திருச்சிப் பக்கத்தில் இருந்து புதிதாகக் கணக்கர் வேலைக்கு வந்த ஒரு பையன் என்னிடம் கேட்டான். கென்யாக்கார நண்பன் ஒருவன் சின்ன சப்ளையர்களுக்குக் கடன் கொடுக்கிற கம்பெனி ஆரம்பிக்கிறானாம், மாதம் 5 சதவீதம் வருமாம், நானும் போடலாமா அண்ணா என்றான். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018ல் நானும் இதே வார்த்தைகளில் யோசித்தவன். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல யாரும் இல்லை. அவனிடம் இரண்டு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2014ல் நைரோபி வந்தேன். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இரும்புச் சாமான் விநியோகம் செய்கிற ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை. அடுத்த வருடம் எனக்கு உதவியாளாக ஒரு பையன் சேர்ந்தான். முராங்கா பக்கம், தேயிலை மலைக்காரன், வயது 23. பகலில் வேலை, சாயங்காலம் சிபிஏ என்ற கணக்காளர் தேர்வு வகுப்பு. நான் அவனைத் தம்பி என்று கூப்பிடப் போய் அலுவலகம் முழுக்க அவன் பெயர் தம்பி என்றே ஆகிவிட்டது, அவனும் என்னை அண்ணா என்று கூப்பிடப் பழகிக்கொண்டான். கணக்கில் அப்படி ஒரு சுத்தம். உமோஜாவில் அவன் குடியிருந்த இடத்தில் 12 பேர் சேர்ந்து ஒரு சாமா நடத்தினார்கள், சாமா என்றால் நம்மூர் சீட்டும் சுய உதவிக் குழுவும் கலந்த மாதிரி. அதற்குப் பொருளாளர் அவன். அந்த நோட்டை ஒருநாள் காட்டினான். மூன்று வருடக் கணக்கு, ஒரு இடத்தில்கூட அடித்துத் திருத்தல் இல்லை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் பின்னால் நான் பணம் போட்டேன் என்றால் தவறில்லை. அவனைப் பற்றி நான் போட்ட கணக்கு இன்றுவரை சரி. தொழிலைப் பற்றிப் போட்ட கணக்குதான் தப்பு.

அந்த நேரத்தில் ஊர் நிலவரம் என்னவென்றால், 2016ல் கென்யாவில் வங்கி வட்டிக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டம் போட்டார்கள், மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 4 சதவீதம்தான் வாங்கலாம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த வட்டிக்குச் சின்ன ஆட்களுக்குக் கொடுப்பதைவிட அரசாங்கப் பத்திரத்தில் போடுவது மேல் என்று வங்கிகள் ஒதுங்கிக்கொண்டன. கையில் ஆர்டர் இருக்கும், சரக்கு வாங்கக் காசு இருக்காது, வங்கிப் படியேறினால் நிலம் இருக்கிறதா என்பார்கள். அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் எல்பிஓ கடன். எல்பிஓ என்பது அரசு அலுவலகமோ கம்பெனியோ கொடுக்கிற கொள்முதல் ஆணை. அந்தத் தாளைப் பார்த்து ஆர்டர் தொகையில் 70 சதவீதம் வரை முன்பணம் கொடுப்போம், பில் பணம் வந்ததும் அசலையும் மாதத்துக்கு 5 சதவீதக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்வோம். டெபாசிட் வாங்காமல் சொந்தப் பணத்தைக் கடன் கொடுக்கிறவனுக்கு அப்போது மத்திய வங்கி லைசென்ஸ் தேவைப்படவில்லை. இப்போது நிலைமை மாறிக்கொண்டு வருகிறது, 2021ல் டிஜிட்டல் கடன் கம்பெனிகளைச் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள், 2024ல் மற்ற கடன் கம்பெனிகளையும் சேர்த்தார்கள், அதனால் இன்றைக்கு இறங்குகிறவர்கள் அதை முதலில் விசாரிக்க வேண்டும்.

2018 ஜனவரியில் தம்பியும் நானும் சேர்ந்து இந்தக் கடன் கம்பெனியை ஆரம்பித்தோம். நான் 15 லட்சம் ஷில்லிங், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நாலு வருடம் சேர்த்தது. தம்பி 6 லட்சம். அவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். இங்கே சாக்கோ என்று கூட்டுறவுச் சேமிப்புச் சங்கங்கள் உண்டு, உங்கள் சேமிப்பில் மூன்று மடங்குவரை கடன் தருவார்கள், ஆனால் வேறு உறுப்பினர்கள் ஜாமீன் போட வேண்டும். தம்பியின் 2 லட்சத்துக்கு 6 லட்சம் கொடுத்தார்கள். ஜாமீன் போட்டவர்களில் ஒருவர் அவனுடைய அத்தை, ஆரம்பப் பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது.

நான் செய்த முதல் தப்பு இங்கேயே இருக்கிறது. என்னுடைய வேலை அனுமதி டி வகுப்பு. எந்த நிறுவனத்துக்கு வந்தேனோ அங்கேதான் வேலை பார்க்கலாம். தொழில் செய்ய ஜி வகுப்பு வேண்டும், அதற்கு 1 லட்சம் டாலர் மூலதனம் காட்ட வேண்டும், எனக்கு அது எட்டாக்கனி. சரி, பங்கு மட்டும் வைத்துக்கொள்வோம் என்று 30 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டு, டைரக்டர், கையெழுத்து, வங்கி எல்லாம் தம்பி பெயரிலேயே விட்டேன். நல்லபடியாக ஓடும்வரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சிக்கல் வந்தபோதுதான் தெரிந்தது, பணம் முக்கால்வாசி என்னுடையது, ஆனால் எந்த அலுவலகத்திலும் போய் நான் இந்தக் கம்பெனி ஆள் என்று நிற்க எனக்கு உரிமை இல்லை. அனுமதிக்கு மேல் ஒரு அடி வைத்தால் வேலையே போய்விடும் என்ற பயம் வேறு. வெளிநாட்டில் இருப்பவர்கள் பங்கு வாங்குவதற்கு முன், பணம் சிக்கினால் அதைத் துரத்திக்கொண்டு போக எனக்கு அனுமதி இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

டாம் எம்போயா தெருவை ஒட்டி மூன்றாம் மாடியில், பலகைத் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி. முதல் வருடம் 14 கடன் கொடுத்தோம், 13 ஒழுங்காகத் திரும்பி வந்தது. 21 லட்சம் வருடக் கடைசியில் செலவு போக 26 லட்சமாக நின்றது. இந்த வெற்றிதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். முதல் வருடக் கடன்கள் எல்லாம் பள்ளிக்கூடங்கள், தனியார் தொழிற்சாலைகள் கொடுத்த சின்னச் சின்ன ஆர்டர்கள், 1 லட்சம், 2 லட்சம். அதே சமயம் நாகுமாட் என்ற பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனம் கடனில் சரிந்து நிர்வாகி கைக்குப் போனது, அதற்குச் சரக்கு போட்டவர்கள் தலையில் துண்டு. அதைப் பார்த்த நாங்கள், தனியாரை நம்பக் கூடாது, அரசாங்கம் எங்கே ஓடிவிடப் போகிறது, இனி கவுண்டி என்கிற மாவட்ட அளவு அரசுகளின் எல்பிஓதான் பாதுகாப்பு என்று முடிவெடுத்தோம். அரசாங்கம் ஓடாது, உண்மைதான். ஆனால் அது கொடுக்க வேண்டியதை எப்போது கொடுக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதற்குள் தம்பி இன்னொரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தான். இளம் தொழில்முனைவோர் சங்கம் ஒன்றில் 2017லேயே சேர்ந்திருந்தான், 2018 நடுவில் அதற்குப் பொருளாளர் ஆனான். கென்யாவில் தொழில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. தேசிய வர்த்தகச் சபை கவுண்டிகள் தோறும் கிளை வைத்திருக்கிறது, 2003ல் தொடங்கிய தனியார் துறைக் கூட்டமைப்பு நேராக அரசாங்கத்தோடு பேசுகிறது, அதற்குக் கீழே இளைஞர், பெண்கள், வட்டாரம் என்று எத்தனையோ. முராங்காவில் இருந்து கையில் ஒன்றும் இல்லாமல் வந்த ஒருவனுக்கு இந்தச் சங்கங்கள் பெரிய கதவு, இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வந்தார்கள். வெஸ்ட்லேண்ட்ஸ் ஓட்டலில் காலைக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்று எல்பிஓ கடன் என்றால் என்ன என்று பத்து நிமிடம் பேசியதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தபோது என் சொந்தத் தம்பி பேசுகிற மாதிரி நெஞ்சு நிறைந்தது.

ஆனால் அதற்கு ஒரு செலவுக் கணக்கு இருக்கிறது, அதை யாரும் சேரும்போது சொல்வதில்லை. ஆண்டுச் சந்தா 10,000 என்றுதான் எழுதியிருக்கும். பொறுப்புக்கு வந்தவுடன் விருந்துக்கு ஒரு மேஜை எடு, டி-ஷர்ட் அடிக்கக் கொடு, ருவாண்டாவில் கிகாலிக்குக் குழு போகிறது நீ வராவிட்டால் எப்படி என்று ஆரம்பிக்கும். அப்புறம் வாட்ஸ்அப். கல்யாணக் கமிட்டி, ஆஸ்பத்திரிச் செலவு, ஈமச் சடங்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. பெயர், எதிரே தொகை, வரிசையாகப் பட்டியல். உங்கள் முறை வந்ததும் அதை அப்படியே நகல் எடுத்து, கீழே உங்கள் பெயரைச் சேர்த்து மறுபடி போட வேண்டும். பொருளாளர் 500 போட முடியாது, பட்டியலில் மேலே இருக்கிறவர் 5,000 போட்டிருப்பார். கைகோத்துத் தூக்கிவிடுகிற இந்த ஹரம்பே பழக்கம் அருமையான பழக்கம், ஆனால் தொழில் பணத்தில் இருந்து போகக் கூடாது. 2019ல் ஒரு ராத்திரி அவனும் நானும் உட்கார்ந்து அவனுடைய எம்-பெசா என்ற செல்போன் பணக் கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். ஒரே வருடத்தில் 2 லட்சத்து 10 ஆயிரம், அதில் 1 லட்சத்து 30 ஆயிரம் கம்பெனிப் பணம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். திருட்டு இல்லை, எல்லாம் தொழிலுக்காகத்தான் என்று உண்மையிலேயே நம்பியிருந்தான். சங்கத்துக்கு வருடம் இவ்வளவுதான் என்று ஜனவரியிலேயே ஒரு தொகையை ஒதுக்கி, அதைத் தனி எண்ணில் போட்டு வைத்துவிடுங்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

2019 பிப்ரவரியில் இருந்து மே வரை மூன்று பெரிய கடன் கொடுத்தோம். ஒன்று, ஒரு கவுண்டி ஆஸ்பத்திரிக்கு மெத்தையும் படுக்கை விரிப்பும், 13 லட்சம் எல்பிஓ, நாங்கள் கொடுத்தது 9 லட்சம். இரண்டாவது 4.5 லட்சம், எழுதுபொருள் சப்ளை. மூன்றாவது தண்ணீர்த் தொட்டிகள், 6 லட்சம். மொத்தம் 19.5 லட்சம். கையில் இருந்த 26ல் நாலில் மூன்று பங்கு, மூன்றே ஆட்களிடம். ஒரு கணக்கன் இதைச் செய்தான் என்பதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

இரண்டாவதுதான் முதலில் வெடித்தது. அந்த ஆள் சங்கத்தில் தம்பிக்கு மேல் பொறுப்பில் இருந்தவர். மற்ற எல்லாரிடமும் நாங்கள் கடன் தகவல் மையத்தின் அறிக்கை கேட்போம், எவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை அது இலவசமாகவே கிடைக்கும், ஒரு செலவும் இல்லை. இவரிடம் கேட்கத் தம்பிக்குக் கூச்சம். ஞாயிற்றுக்கிழமை ஒரே தட்டில் ன்யாமா சோமா, அதாவது சுட்ட இறைச்சி, சாப்பிடுகிற மனிதரிடம் எப்படி அண்ணா கேட்பது என்றான், நானும் சரி விடு என்றேன். பில் பணம் எங்களோடு சேர்த்துத் திறந்த கூட்டுக் கணக்குக்கு வர வேண்டும். அவர் கவுண்டி அலுவலகத்தில் வங்கி விவரத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஜூன் கடைசி வாரமே பணம் வந்து, செலவாகியும் போய்விட்டது, எங்களுக்குத் தெரிந்தது ஆகஸ்டில். கூட்டுக் கணக்கு திறப்பது மட்டும் போதாது. கணக்கு எண்ணை எங்கள் சம்மதம் இல்லாமல் மாற்ற மாட்டோம் என்று அந்த அலுவலகத்தின் நிதித் தலைமையிடம் எழுத்தில், முத்திரையோடு வாங்க வேண்டும். வாங்கிய பிறகுதான் ஒரு ஷில்லிங் வெளியே போக வேண்டும். அவரிடம் இருந்து துளித்துளியாக 1 லட்சத்து 20 ஆயிரம் திரும்பியது, அத்தோடு சரி.

தண்ணீர்த் தொட்டி விஷயத்தை நேரில் பார்க்க நான் ஒருநாள் லீவு போட்டுவிட்டுத் தம்பியோடு போனேன். நைரோபியில் இருந்து மட்டாட்டு என்ற மினி பஸ்ஸில் மூன்று மணி நேரம். கருவூல அலுவலக வராந்தாவில் நீள மரப் பெஞ்ச், அதில் ஏழெட்டுப் பேர், எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் கவர். பக்கத்தில் இருந்த பெரியவர் தன் கவரைத் திறந்து காட்டினார், 2016ல் சாலைக்குக் கல் அடித்த பில். 2017 தேர்தலில் கவுண்டித் தலைவரான கவர்னர் மாறினார், பழைய ஆள் காலத்துப் பில்லை எல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கமிட்டி போட்டார்கள், அன்றிலிருந்து நடக்கிறேன் என்றார். எங்கள் முறை வந்தது. குமாஸ்தா பெண் எல்பிஓ எண்ணைக் கணினியில் அடித்தாள், இன்னொரு தடவை அடித்தாள், பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ஒன்றும் இல்லை. தாள் உண்மைத் தாள், முத்திரை உண்மை முத்திரை, தொட்டிகளும் ஊரில் போய் இறங்கிவிட்டன. ஆனால் ஆணை கையால் எழுதியது, அரசு நிதிக் கணினியான இஃப்மிஸில் ஏற்றவே இல்லை. அதில் ஏறினால்தான் அந்த ஆர்டருக்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியதாக அர்த்தம். ஏறாத ஆணை வெறும் தாள். கையெழுத்துப் போட்ட அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். போலே சானா, ரொம்ப வருத்தம், என்றாள் அந்தப் பெண், மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். ஏமாற்றியவன் என்று சுட்டிக்காட்ட அங்கே ஒருவரும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும் வழியில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே எல்பிஓ கையில் கிடைத்தால், சரக்கு போகும் முன்பே அந்த எண் கணினியில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள், போன் போதாது. மாதத்தையும் பாருங்கள். இங்கே நிதியாண்டு ஜூன் 30ல் முடிகிறது. மே, ஜூனில் கொடுக்கிற ஆணை அந்த வருடத்துக்குள் பணமாகாவிட்டால் அடுத்த வருடம் நிலுவைப் பில் பட்டியலில் போய் உட்காரும், அந்தப் பட்டியல் தனி உலகம். கவுண்டிக்கு மத்திய கருவூலத்தில் இருந்து பங்கு வர வேண்டும், பிறகு பட்ஜெட் கட்டுப்பாட்டாளர் ஒப்புதல் கொடுக்க வேண்டும், பிறகுதான் உங்கள் பில். 2019 ஜூனில் மடரகா என்ற சுயாட்சி நாள் உரையில் ஜனாதிபதியே நிலுவைப் பில்களைக் கொடுத்து முடியுங்கள் என்று சொன்னார், நாங்கள் அறையில் ரேடியோவைக் கேட்டுக் கைதட்டினோம். எங்கள் பில் அசையவில்லை. தேர்தலுக்கு முந்தின ஆறு மாதமும் பிந்தின ஆறு மாதமும் கவுண்டி ஆணைக்கு நான் ஒருவருக்கும் கடன் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

மெத்தைக் கதை வேறு மாதிரி. அந்தச் சப்ளையர் ஒரு இளம்பெண், நேர்மையானவள். சரக்கு போட்டாள், ஆய்வுக் கமிட்டி ஏற்றுக்கொண்டது, பில்லும் கொடுத்தாள். பில் கொடுத்த அடுத்த மாதம் 20ஆம் தேதி வாட் கட்ட வேண்டும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். 13 லட்சத்துக்குள் 16 சதவீத வாட் என்றால் சுமார் 1 லட்சத்து 79 ஆயிரம். மெத்தை வாங்கும்போது கட்டிய வாட்டைக் கழிக்கலாம் என்றாலும், அவள் பாதிச் சரக்கை வாட் பதிவு இல்லாத தையல்காரர்களிடம் வாங்கியிருந்தாள், கழிக்க ஒன்றும் பெரிதாக இல்லை. கட்ட முடியவில்லை. அபராதமும் வட்டியும் ஏறியது, வரி ஒழுங்குச் சான்றிதழ் போயிற்று, அது இல்லாமல் அடுத்த டெண்டருக்கு மனுவே போட முடியாது. அரசாங்கம் அவளுக்குத் தர வேண்டிய பணத்தைத் தராமல், அதற்கான வரியைக் கேட்டு அவளை முடக்கியது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அரசுக் கொள்முதலில் 30 சதவீதம் ஒதுக்கீடு என்பது நல்ல திட்டம், அதை நம்பி வந்தவள் அவள். முன்பணம் கொடுக்கும்போதே வாட் தொகையைக் கணக்குப் போட்டுத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று நாங்கள்தான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கணக்கர்கள் இருந்தோம், இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

2020 பிப்ரவரியில் மனைவியும் மகளும் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார்கள். மார்ச் 13ல் கென்யாவில் முதல் கொரோனா, மாதக் கடைசிக்குள் விமானங்கள் நின்றன, இரவு ஏழு மணிக்கு ஊரடங்கு. ஏப்ரலில் நைரோபியை விட்டு வெளியே போகவே தடை. கவுண்டி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து கெஷோ, நாளைக்கு வா, என்று கேட்டு வருவதுகூட நின்றுபோனது. அலுவலகத்தில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். போட்ட பணம் சிக்கிக்கொண்டது என்று மனைவியிடம் நான் அதுவரை சொல்லவே இல்லை. மே மாதம் ஒரு ராத்திரி வீடியோவில் மகள் ஏதோ காட்டிக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல் அழுதுவிட்டேன், அன்றைக்குத்தான் சொன்னேன். மனைவி திட்டவில்லை, இவ்வளவு நாள் தனியாகவா வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். அது திட்டியதைவிட வலித்தது. பணம் போடுகிறவர்கள் போடும் அன்றே வீட்டில் தொகையோடு சொல்லிவிடுங்கள்.

அந்த வருடம் தம்பியால் சாக்கோ தவணை கட்ட முடியாமல் போனது. மிச்சம் 3 லட்சத்து 20 ஆயிரம். விதிப்படி ஜாமீன்தாரர்களின் சேமிப்பில் பிடித்துக்கொண்டார்கள். அத்தையின் சேமிப்பும் போயிற்று. 2021 ஜூனில், ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து, மெத்தைப் பணம் ஒருவழியாக வந்தது. அந்தப் பெண் வரியும் அபராதமும் கட்டியது போக எங்களுக்கு 7 லட்சம் கொடுத்தாள், கட்டணத்தை நாங்கள் கேட்கவில்லை. அதில் முதல் பணம் ஜாமீன்தாரர்களுக்குத்தான் என்றான் தம்பி. நான் கத்திவிட்டேன், என் 15 லட்சம் உனக்குப் பணமில்லையா என்று. நீங்கள் தெரிந்து போட்டீர்கள் அண்ணா, அத்தை தெரியாமல் போட்டாள் என்றான். இரண்டு மாதம் நாங்கள் பேசவில்லை. அவன் சொன்னது சரி என்று எனக்கு உள்ளுக்குள் அன்றே தெரியும், ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆனது.

வக்கீல், வாடகை, அலைச்சல் எல்லாம் போக, கம்பெனியை மூடியபோது என் கைக்கு வந்தது 6 லட்சத்து 20 ஆயிரம். போனது 8 லட்சத்து 80 ஆயிரம் ஷில்லிங், அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 6 லட்சம் ரூபாய். வருடக் கணக்கில் மூன்றரை.

தம்பி சிபிஏ முடித்துவிட்டான். இப்போது திக்காவில் ஒரு சாக்கோவில் கடன் பிரிவைப் பார்க்கிறான். சங்கத்தை விடவில்லை, ஆனால் சங்கப் பொறுப்புக்கு மறுபடி போட்டியிட்டபோது ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டு நின்றான், வருடாந்தர விருந்தை நிறுத்தி அந்தப் பணத்தில் உறுப்பினர்களின் எல்பிஓக்களைச் சரிபார்க்க ஒரு ஆள் போட வேண்டும் என்று. விருந்து நிற்கவில்லை, ஆனால் ஆள் போட்டார்கள். ஆள் போக முடியாத நாளில் அவனே போகிறான். ஜூன் வந்தால் எங்கள் தொட்டிப் பில்லையும் எடுத்துக்கொண்டு போவான். இந்த ஜூனில் அங்கிருந்து போன் பண்ணினான். அதே பெஞ்ச் அண்ணா, நம் பில்லைப் பற்றி ஒன்றும் தெரியாதாம், ஆனால் பக்கத்தில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருக்கிறான், இன்னும் சரக்கு எடுக்கவில்லையாம், அவனுடைய எண்ணை அடித்துப் பார்க்கச் சொல்லி உள்ளே அனுப்பியிருக்கிறேன் என்றான். வரட்டும், லைனிலேயே இருக்கிறேன் என்று நானும் காத்திருந்தேன்.